பிரேக் அங்கிளின் வலது கால்

கொழும்பில் காலால் மிதிக்கப்படும் எந்தப் பொருளும் பிரேக் அங்கிளின் அதிகாரத்துக்கு உட்பட்டது. கார், லொறி, தையல் மெஷின், பல் டொக்டரின் கதிரை, மிதித்தால் வாய் திறக்கும் குப்பைத்தொட்டி என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு தீர்ப்பு இருக்கும். ஒருமுறை வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் குப்பைத்தொட்டியைச் சில தடவை மிதித்துப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இதுக்குக் கிளட்ச் போயிட்டுது" என்றார். அடுத்த கிழமை மூடி கழன்று விழுந்தது. அன்றுதான் அவரை நம்பத் தொடங்கினேன். இதைவிட அற்பக் காரணங்களுக்காக மனிதர்கள் அரசியல் கட்சிகளில் சேர்ந்திருக்கிறார்கள்.

கொட்டாஞ்சேனையில் அவர் கார் ஓட்டப் பழக்குகிறவர். சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம். அவர் என்னைத் தங்கச்சி என்பார். நானும் என் மகளும் அவரை அங்கிள் என்போம். உறவுமுறை எங்கே இடிக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

பழக்குகிறவரின் ஆசனத்துக்கு முன்னாலும் ஒரு பிரேக் உண்டல்லவா? அத்தனை வருடம் அதை மிதித்து மிதித்து, அவர் வலது காலுக்குச் சொந்தமாக ஒரு மூளை முளைத்துவிட்டது. பஸ்ஸில் ஏறினால் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை சாரதிக்காக இவர்தான் பிரேக் போடுவார். ஒருநாள் நாங்கள் போன த்ரீவீலின் தகரத் தரையை அவர் மிதித்த மிதியில், சாரதி வண்டியை ஓரங்கட்டித் திரும்பினான். "அங்கிள், ப்ரேக் எக்க தியென்னே மகே பெத்தே!" பிரேக் என் பக்கத்தில்தான் இருக்கிறது என்று கெஞ்சினான். அங்கிள் அசையவில்லை. "அப்ப அதை மிதியுமன்!" என்றார் தமிழில்.

இன்னொன்று: அவருக்குப் பிழை வராது. அவரிடம் பழகிய ஒருவர் முகத்துவாரத்தில் ஒரு வீட்டு மதிலில் கொண்டுபோய் மோதினார். வீட்டுக்காரர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தபோது, அங்கிள் இறங்கி, மதிலின் இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் பார்த்து, "ஆளில பிழையில்லை. மதில் கொஞ்சம் முன்னுக்கு நிக்குது" என்றாராம். கடைசியில் வீட்டுக்காரர் மன்னிப்புக் கேட்டதாகத்தான் கொட்டாஞ்சேனையில் கதை.

இப்படிப்பட்டவரிடம் என் ஒரே மகள் ஷாலினியைக் கார் பழக அனுப்பியவள் நான். நான் எதற்கும் பயப்படுகிற தாய். மகள் காரில் போகும்போது போனை எடுக்காவிட்டால் பயப்படுவேன். எடுத்துவிட்டால், ஓட்டிக்கொண்டே ஏன் எடுத்தாள் என்று இன்னும் பயப்படுவேன். ஆனால் 'பிரேக்!' என்று அவர் ஒரு சத்தம் போட்டால் செத்தவன் காலும் மிதிக்கும் என்று ஊரே சொன்னதால், அது பாதுகாப்பான இடம் என்று எண்ணினேன். லைசன்ஸும் எடுத்துவிட்டாள்.

இனி ஸ்டீல் கிட்டார். பழைய சிங்களப் பாட்டுகளின் நடுவே யாரோ இழுத்து இழுத்து அழுவது போல ஒரு சத்தம் வருமே, அதுதான். சின்ன மேசை போல நாலு காலில் நிற்கும். கம்பிகளின் மேல் ஓர் இரும்புத் துண்டை வழுக்கிக்கொண்டே போக வேண்டும். இணையத்தில் பார்த்துப் பார்த்தே அதைக் கற்றுக்கொண்டாள் ஷாலினி. தொடங்கிய புதிதில் கீழ்வீட்டு அம்மா வந்து, "வீட்டில ஏதும் துக்கமோ?" என்று விசாரித்துவிட்டுப் போனார். போகப்போக அதே அம்மா, "இண்டைக்கு ஏன் வாசிக்கேல்ல?" என்று கேட்கும் அளவுக்கு ஷாலினி முன்னேறினாள்.

அந்தக் கிட்டாருக்குக் காலும் வேண்டும். கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே தரையில் ஒரு வொலியூம் பெடல் இருக்கும். முன்னே சாய்த்தால் சத்தம் கூடும், பின்னே சாய்த்தால் குறையும். ஷாலினி தோழி ஒருத்தியின் பழைய பெடலை இரவல் வாங்கிக்கொண்டு, கிருலப்பனையில் ஒரு சொந்தக்காரப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாசிக்கப் போனாள். பெடல் உள்ளுக்குள் தேய்ந்திருந்தது, அசைக்கும்போதெல்லாம் 'கர்... கர்...' என்று அதுவும் கூடவே பாடியது. போதாததற்கு அந்த வீட்டில் பளபளக்கும் டைல்ஸ். அவள் மிதிக்க மிதிக்கப் பெடல் வழுக்கிக்கொண்டு முன்னே போனது. அவள் காலும் அதைத் துரத்திக்கொண்டே போனது. பாட்டு முடியும்போது கிட்டாருக்கு மேலே அவள் தலை மட்டும்தான் தெரிந்தது.

"பிள்ளை என்ன, நித்திரைக்குப் போகுதோ?" என்று ஒரு மாமா கேட்டார். வீடே சிரித்தது.

வீட்டுக்கு வந்து கிட்டாரைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டாள். "இனி வாசிக்கமாட்டன் அம்மா. கேக்காதீங்க" என்றாள். வேறு நேரமென்றால் விட்டிருப்பேன். ஆனால் கொட்டாஞ்சேனை பேண்ட் ஒன்றில் ஸ்டீல் கிட்டார் வாசித்தவர் கனடாவுக்குப் போய்விட்டார். 'ஒரு கலியாணத்துக்கு வந்து வாசிக்கட்டும், சரிவந்தா நிரந்தரமா எடுக்கிறன்' என்று பேண்ட் லீடர் ஷாலினிக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். அவள் ஆசையாகக் காத்திருந்த ஒரே அழைப்பு அது. அந்த நேரம் பார்த்துத்தான் வீடு அமைதியாகிவிட்டது. அந்த அமைதியைப் போலப் பயங்கரமான ஒன்றை நான் கேட்டதில்லை.

கால் விஷயமாக எனக்குத் தெரிந்தவர் ஒருவர்தானே. பிரேக் அங்கிளுக்கு போன் பண்ணினேன். "கிட்டாருக்குப் பெடலோ?" என்று இரண்டு தரம் கேட்டார். தன் ராச்சியத்தில் தனக்குத் தெரியாத ஒரு மாகாணம் இருந்திருக்கிறது என்ற அதிர்ச்சி. "நாளைக்கே போவம்" என்றார்.

புறக்கோட்டையில் ஒரு மாடியில் வாத்தியக் கடை. முதலாளி ஒரு முஸ்லிம் நாநா.

"நாநா, வொலியூம் பெடல் இருக்கோ?"

"நாலு வகை ஈக்குது சேர். கிட்டார் வாசிக்கிறது யாரு?"

"அதை விடுங்க. மிதிக்கிற ஆள் நான்."

சப்பாத்தைக் கழற்றினார். காலுறைகளையும் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். ஸ்டூலில் உட்கார்ந்ததும் இரண்டு கைகளும் தாமாக எழுந்து, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தன. இடது கால் கிளட்சைத் தேடியது. எதிரே கம்பி வாங்க நின்ற ஒருவர் ஏனென்று தெரியாமலே வழிவிட்டு ஒதுங்கினார். நாநா ஒரு கிட்டாரை இணைத்துத் தட்டிக்கொண்டிருக்க, அங்கிள் மிதித்தார்.

முதல் பெடல் உயரம். "மிதிக்கேக்க முழங்கால் எழும்பிக் கிட்டாரில இடிக்கும். வேண்டாம்." இரண்டாவதைத் தொட்டதுமே கடை அதிர்ந்தது. "இவன் அவசரக்காரன். ஓரங்குலத்திலயே முழுச் சத்தத்தையும் குடுத்திட்டான். மிச்சத் தூரத்துக்கு என்ன செய்யிற?" நான் வியந்துபோனேன். இதுவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"இத பாருங்க சேர்," என்று நாநா மூன்றாவதை எடுத்தார். "உள்ளுக்கு லைட்டால வேல செய்யிற சாமான். தேய்மானம் இல்ல, கரகரப்பு வராது. கரண்ட் மட்டும் குடுக்கணும்."

"கரண்ட் போனா?"

"கரண்ட் போனா ஸ்பீக்கரும் போகும்தானே சேர்?"

"அது ஸ்பீக்கரின்ட பிரச்சினை."

நாநா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

நாலாவது தாழ்வானது, கனமானது. அங்கிள் கண்ணை மூடிக்கொண்டு மெல்ல மிதித்தார். கால் சாயச் சாயச் சத்தம் விளக்குத் திரியைத் தூண்டியது போல ஒரே சீராகக் கூடியது. காலை எடுத்தார். பெடல் விட்ட இடத்திலேயே நின்றது. "பாத்தீங்களே தங்கச்சி! ஹேண்ட் பிரேக்கே தேவையில்லை. நாநா, இதின்ட மைலேஜ் எப்பிடி?"

நாநா என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "மேடம், சேருக்கு ஒரு காரையே வாங்கிக் குடுத்திருங்க."

அந்த நாலாவதையே வாங்கினேன். அங்கிள் தன் காரின் ரப்பர் விரிப்பில் ஒரு துண்டை வெட்டி, டைல்ஸில் வழுக்காதபடி பெடலின் அடியில் ஒட்டிக் கொண்டுவந்தார். ஷாலினி திரும்பியும் பார்க்கவில்லை. "வேண்டாம் எண்டு சொன்னனான்தானே அம்மா?"

அங்கிள் கெஞ்சவில்லை. தானே கட்டிலுக்குக் கீழிருந்து கிட்டாரை இழுத்தெடுத்தார். வயர்களைத் தப்புத் தப்பாகச் செருகி, கடைசியில் எப்படியோ சரியாகச் செருகி, கதிரையில் உட்கார்ந்தார். "தங்கச்சி, ஏதாவதொரு கம்பியைத் தட்டுங்க" என்றார். தட்டினேன். மிதித்தார். அலுமாரிக் கண்ணாடி நடுங்கியது. இன்னொருமுறை தட்டினேன். இன்னும் பலமாக மிதித்தார். வெளியே வீதியில் போன பஸ்கூட ஹோர்ன் அடித்துப் பதில் சொன்னது.

"அங்கிள், காலை எடுங்கோ!" ஷாலினி பாய்ந்து வந்தாள். "அப்பிடியில்லை! முதலே முழுக்க மிதிச்சா, பிறகு குடுக்கிறதுக்கு என்ன இருக்கு? பாதியில வைச்சுத்தான் தட்டோணும். சத்தம் சாகப் பாக்கேக்க மெல்ல மெல்ல முன்னுக்குப் போகோணும். தள்ளுங்கோ."

அவர் தள்ளினார். அவள் உட்கார்ந்து ஒரு கம்பியைத் தட்டினாள். அது மங்கத் தொடங்கிய இடத்தில் அவள் பாதம் மெல்லச் சாய்ந்தது. சத்தம் சாகவில்லை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்படியே அறையில் நின்றுகொண்டிருந்தது. கீழ்வீட்டில் ஜன்னல் திறக்கும் ஓசை கேட்டது. அங்கிள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். 'முதலே முழுக்க மிதிச்சா பிறகு என்ன இருக்கு?' என்ற வசனத்தை மறுநாளே அவர் தன் சொந்தத் தத்துவமாகக் கார் பழக வந்தவர்களுக்குச் சொல்லத் தொடங்கிவிட்டதாக அறிந்தேன்.

கலியாணம் கொட்டாஞ்சேனையில், ஒரு கிறிஸ்தவ வீட்டுக் கலியாணம். மண்டபத்தில் கேக், பலூன், நடுவே ஆடுவதற்கு இடம். நானும் அங்கிளும் ஓரத்தில் உட்கார்ந்தோம். அவர் கோட் போட்டிருந்தார். மாப்பிள்ளையும் பெண்ணும் முதல் நடனத்துக்கு வந்தார்கள். பேண்ட் மெதுவாகத் தொடங்கியது. லீடர் கீபோர்டில், ஷாலினி பக்கத்தில். ஸ்டீல் கிட்டார் இழைந்து இழைந்து போனது.  அவள் முகத்தில் பயமில்லை. முதல் தடவையாக நானும் மூச்சு விட்டேன்.

விட்டிருக்கக்கூடாது. பூக்கூடை பிடித்து வந்த சின்னப்பெண் ஒருத்தி, ஓடிய பலூனைத் துரத்திக்கொண்டு நடுவே வந்துவிட்டாள். மாப்பிள்ளை பின்பக்கமாக அடியெடுத்து வருகிறார். இன்னும் ஓரடி வைத்தால் பிள்ளை காலுக்குள். அங்கிள் எழும்பினார்.

"பிரேக்!!"

ஷாலினியின் கால் யோசிக்கவில்லை. அடிவரை மிதித்தது. காரில் அப்படி மிதித்தால் வண்டி நிற்கும். வொலியூம் பெடலில் மிதித்தால் என்ன நடக்கும் என்பதை அன்று கொட்டாஞ்சேனை அறிந்தது. துறைமுகத்துக் கப்பல் ஒன்று மண்டபத்துக்குள் வந்து சங்கு ஊதியது போல இருந்தது. ஓர் அன்ரியின் தட்டிலிருந்து பட்டிஸ் பலகாரங்கள் பறந்தன.

மாப்பிள்ளையோ ஒற்றைக் காலைத் தூக்கியபடி சிலையாக நின்றார். அவரும் அங்கிளிடம்தான் கார் பழகியவர். சுற்றிப் பார்த்தேன். போட்டோக்காரர், கேக் அருகே நின்ற மாமா, மாப்பிள்ளைத் தோழர் இருவர் என மண்டபத்தில் பாதிப்பேரின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. சின்னப்பெண் பலூனை எடுத்துக்கொண்டு சாவகாசமாகப் போனாள்.

ஷாலினி கையை எடுக்கவில்லை. அந்த அலறலைப் பிடித்தபடியே இரும்புத் துண்டைக் கீழே கீழே வழுக்கிக்கொண்டு வந்தாள். குதிக்கால் மெல்ல இறங்கியது. அலறல் ஒரு பெருமூச்சாகிப் பாட்டுக்குள் வந்து விழுந்தது. சனம் கைதட்டியது, அது ஏதோ ஏற்பாடு என்று நினைத்து.

லீடர் கைதட்டவில்லை. இடைவேளையில் நேரே ஷாலினியிடம் வந்தார். ஷாலினி குனிந்து வயரைச் சுற்றத் தொடங்கினாள்; திரும்பவும் கட்டிலுக்குக் கீழே போகப்போகும் முகம். 

"என்ன தங்கச்சி இது? கலியாண வீட்டில..."

"பிழை என்ட," என்றார் பிரேக் அங்கிள்.

மதிலையே மன்னிப்புக் கேட்க வைத்த மனிதர். கோட் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். "பிள்ளை நல்லாத்தான் வாசிச்சது. நான் கத்தினதுக்குத்தான் அவ மிதிச்சவ. முழுப்பிழையும் என்ட. என்னை வெளிய போடுங்க, அவவ விடாதீங்க."

 லீடர் தலையைச் சொறிந்தார். "நானும் உங்களிட்டத்தானே பழகினனான் அங்கிள். என்ட காலும் கீபோர்ட் பெடலை மிதிச்சிட்டுது. அதுதான் ஆருக்கும் கேக்கேல்ல." ஷாலினியிடம் திரும்பினார். "வயரைச் சுத்தாதீங்க. இன்னும் பாட்டிருக்கு. அடுத்த சனிக்கிழமையும் வாங்க."

 அடுத்த சனிக்கிழமையும் போனேன். அங்கிள் எனக்கு முன்பே வந்திருந்தார். சப்பாத்துகளைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, கோட்டும் சூட்டுமாகக் கதிரையில் இரண்டு காலையும் மேலே மடித்துச் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தார். வாய்க்குள் ஒரு கைக்குட்டையும் இருந்தது. வருகிறவர்கள் எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள்.

"ஏன் அங்கிள் இப்பிடி?"

கைக்குட்டையை எடுத்தார். "கால் நிலத்தில முட்டினா நம்பேலாது தங்கச்சி. பிள்ளை வாசிக்கட்டும்." திரும்பவும் அதை வாய்க்குள் வைத்துக்கொண்டார்.

ஷாலினி முதல் கம்பியைத் தட்டினாள். நடந்துபோகிறவர்கள் யாரும் அவருடைய சப்பாத்துகளைத் தட்டிவிடாதபடி, என் கதிரையை இழுத்து அவற்றுக்கு முன்னால் போட்டுக்கொண்டேன்.