ஒன்பதாவது நிறுத்தத்தைத் தாண்டாத நாய்

அன்பும் மரியாதையும் உள்ள மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் நலம். நீங்களும் மகளும் புது ஊரில், புது வேலையில் நலமாக இருக்க வேண்டும். புது வீடு அமையும் வரை இரண்டு மாதம் பார்த்துக்கொள்ளச் சொல்லி நீங்கள் விட்டுப்போன நாயும் நலம். அதாவது, விழித்திருக்கும்போது நலம். இந்தக் கடிதம் அது தூங்கும்போது நடப்பதைப் பற்றியது.

வாசலுக்கு வருகிறவர்களை ஒருவர் விடாமல் மோந்து பார்த்து உள்ளே அனுப்புவதால் இங்கே அதற்கு ‘செக்கர்’ என்று பெயர்; நீங்கள் வைத்த பெயர் உங்கள் மாமியார் வாயில் நுழையவில்லை. முதல் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு என் நாற்காலிக்கு முன்னால், ஃபேனுக்கு நேர் கீழே படுத்தது. பத்து நிமிஷம் போயிருக்கும், நாலு காலும் வெட்டி வெட்டி இழுக்கிறது, உதடு துடிக்கிறது, மூடிய வாய்க்குள்ளேயே ‘வுஃப் வுஃப்’ என்று அடுத்த தெருவில் குரைப்பதுபோல் ஒரு சத்தம். வலிப்புதான் என்று பதறிப்போய் இரண்டு காலையும் அமுக்கிப் பிடித்தேன். முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவனுக்கு, ஓடுகிற வண்டியில் கை வைக்கக் கூடாதென்று தெரிய வேண்டாமா? விழித்த வேகத்தில் மணிக்கட்டில் பல் பதிந்துவிட்டது. பிறகு அதுவே வெட்கப்பட்டு நக்கிக் கொடுத்தது.

மிருக டாக்டரிடம் கூட்டிப்போனேன். “பெரியவரே, இது கனவு. வலிப்புன்னா உடம்பு விறைச்சுப்போகும், கூப்பிட்டாலும் முழிக்காது. இது தளர்வா ஓடுது. தொடாதீங்க, ரொம்ப பயமா இருந்தா தள்ளி நின்னு பேர் சொல்லிக் கூப்பிடுங்க” என்றார். “எங்கே ஓடுது டாக்டர்?” என்று கேட்டேன். “அது முழிச்சு வந்து சொன்னாத்தான் உண்டு” என்றார்.

பேர் சொல்லிக் கூப்பிடுவது உங்கள் மாமியாருக்குப் போதவில்லை. இருபத்தெட்டு வருஷம் கண்டக்டர் வேலை. ரிட்டயர் ஆனபோது பை முதல் எல்லாவற்றையும் ஒப்படைத்தவள் விசிலை மட்டும் ஒப்படைக்கவில்லை. ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போகலாம். இன்றைக்கும் நான் கடைக்குக் கிளம்ப இரண்டு விசில்தான். மறுநாள் செக்கர் ஓட ஆரம்பித்ததும் சமையலறையிலிருந்து ஒரே விசில். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். நாய் துள்ளி எழுந்து நாற்காலியில் முட்டிக்கொண்டது, நான் இல்லாத பிரேக்கை மிதித்து ஸ்டூலைக் கவிழ்த்தேன், மாடி வீட்டுக்காரர் பஸ் வந்துவிட்டதென்று பையோடு இறங்கி வந்துவிட்டார்.

அதிலிருந்து தினமும் மதியம் உட்கார்ந்து கவனித்து வருகிறேன், மாப்பிள்ளை. எல்லாம் புரிந்துவிட்டது. அது உங்கள் பழைய வீட்டுக்குத்தான் ஓடுகிறது. உங்கள் காரில் ஜன்னலுக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டு வந்த அதே ரோடு; நான் ஆறு வருஷம் ஓட்டிய ரூட்டு, பன்னிரண்டு நிறுத்தம். முதல்ல முன்னங்கால் மட்டும் மெதுவா அசையும், அது நம்ம தெரு முனை வரைக்கும். அப்புறம் நாலு காலும் சேர்ந்து ஓடுனா பெரிய ரோட்டுக்கு வந்தாச்சுன்னு அர்த்தம். நாலாவது நிறுத்தத்துல மூக்கு துடிக்கும், கறிக்கடை. ஆறாவதுல உறுமும், அங்க ஒர்க்‌ஷாப் வாசல்ல ஒரு கறுப்பு நாய் எப்பவும் நிக்கும், எனக்கே அதைக் கண்டா ஆகாது. எட்டாவதுல சின்னப் பிள்ளை மாதிரி சிணுங்கும் பாருங்க, அங்கதான் எனக்கு மனசு தாங்கலை, ஏன்னா அது என் பொண்ணைக் கூப்பிடுது. ஒன்பதாவதோட சரி. ஒரு நாள்கூட அதைத் தாண்டி நான் பார்த்ததில்லை. இன்னும் மூணே நிறுத்தம்! போய்ச் சேர்ந்தாலும் அங்க பூட்டுதான் தொங்குதுன்னு அதுக்கு யார் சொல்றது? ஒரு ஜீவன் தினமும் பாதி வழியில நிக்குதுன்னா எனக்குச் சோறு இறங்குமா? அது போனப்புறம் இந்த வீடு எப்படி இருக்கும்னு யோசிக்காம இல்ல. சரி, அது என் பாடு. ஞாயிற்றுக்கிழமை வர்றேன்னு சொன்ன நீங்க வெள்ளிக்கிழமையே வந்து அதைக் கூட்டிட்டுப் போயிடுங்க. சங்கிலி, தட்டு, போர்வை எல்லாம் மூட்டை கட்டி வெச்சாச்சு.

மகளுக்கு என் அன்பு. ரோட்டிலும் வீட்டிலும் ஒரு கீறல் விழாமல் நீங்கள் இருவரும் நெடுந்தூரம் போக என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: இது மாமியார் எழுதறது. ஒட்டிப் போடச் சொல்லிக் கொடுத்தார், படிச்சுட்டேன். ஒன்பதாவது நிறுத்தத்துல நிக்கிறது நாய் இல்ல மாப்பிள்ளை, உங்க மாமனார். சாப்பிட்ட களைப்புல தினமும் அந்த நேரத்துக்குச் சரியா தலை சாஞ்சு குறட்டை வந்துடும். நாய் பாட்டுக்கு ஓடிட்டுத்தான் இருக்கு. கொஞ்ச நேரத்துல இவர் தூக்கத்துல வலது காலால ஒரு பிரேக் போடுவார், கல்யாணம் ஆன நாள்லேருந்து பார்க்கிறேன். அந்தக் கால் தரையில ‘தட்’டுன்னு விழுந்ததும் நாயோட ஓட்டம் நின்னுடும். கண்ணைத் திறக்காமலே நகர்ந்து வந்து தலையை அவர் பாதத்து மேல வெச்சுக்கிட்டு வாலை ஆட்டும். தினமும் அது போய்ச் சேர்ந்துட்டுத்தான் இருக்கு. நேத்து இவர் பென்ஷன் ஆபீசுக்குப் போயிருந்தப்ப அது தூங்கவே இல்ல, வாசல்லயே உட்கார்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை வேண்டாம். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வாங்க, நல்லா சாப்பிடுங்க, ரெண்டு பேராவே திரும்பிப் போங்க. அவர் கட்டி வெச்ச மூட்டையைப் பிரிச்சுட்டேன். இங்கேருந்து ஒரே ஒரு விசில் ஊதியாச்சு.