ஒரு சீட்டு, நாலு இரைப்பை

‘1938, ஆகஸ்ட் 10. வைத்தியப் பாடத்தில் ஸ்டொமாட் என்றால் வயிறு என்று நேற்று எழுதியிருந்தேன். வாயாம். திருத்திக்கொண்டேன். வேறு எங்கெல்லாம் தப்போ, தெரியவில்லை.’

எழுதிவிட்டுக் கர்ணன் பேனாவை மூடினான். உத்தமபாளையத்துக் கம்பவுண்டர் மாலை வகுப்பில் அன்றைக்குப் பரீட்சை. ஆட்டின் தொண்டையிலிருந்து இரைப்பை வரை கழுவிக் கொண்டுவந்து, உணவுக்குழாயில் ‘ஈசோபேக்’, இரைப்பையில் ‘காஸ்ட்ர்’ என்று சீட்டுக் கட்ட வேண்டும். இது ஏசுதாசன் வாத்தியாரின் உத்தரவு. தேறாவிட்டால் ஓடைப்பட்டிக்குத் திரும்பி அப்பாவோடு மாடு பூட்டிக் கமலையில் தண்ணீர் இறைக்க வேண்டியதுதான்.

கசாப்புக் கடையிலிருந்து வாங்கி வந்ததைப் பிரித்துப் பார்த்தான். இரைப்பை நாலு இருந்தது. சீட்டோ ஒன்றுதான்.

திரும்பக் கடைக்கே ஓடினான்.

“ராவுத்தரே, நாலு ஆட்டு வயித்தக் கலந்து போட்டுட்டீகளா?”

கடைக்கார இப்ராஹிம் கத்தியைக் கீழே வைத்தார். “ஒரு ஆட்டுக்குள்ள இருந்ததத்தேன் குடுத்தேன். அசை போடுற உசுருக்கு அப்படித்தேன் இருக்கும். கூடக் குடுத்துட்டேன்னு சண்டைக்கு வந்த மொத ஆளு நீதேன் தம்பி!”

கர்ணன் பொட்டலத்தோடு திரும்பினான். வாத்தியார் கரும்பலகையில் வரைந்தது ஒரே ஒரு பை. ஆடு தப்பாகப் பிறந்திருக்கலாம், படம் தப்பாக இருக்குமா?

படத்தைப் போலிருந்த பையை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற மூன்றையும் அறுத்தான். அறுத்த பிறகுதான் தெரிந்தது, உணவுக்குழாய் ஒட்டியிருந்தது அறுத்த பெரிய பையோடு. குழாயை வைத்துக்கொண்ட பையோடு வாழைநாரால் இழுத்துக் கட்டினான். முடிச்சு நழுவியது. இறுக்கினான், குழாயில் ஒரு துண்டு கையோடு வந்தது. இன்னும் இறுக்கினான், இன்னொரு துண்டு. கடைசியில் கழுத்தே இல்லாத ஆடு போல, தொண்டைக்குப் பக்கத்திலேயே இரைப்பை வந்து நின்றது.

மிச்சத்தை மறைக்க வேண்டுமே! சாப்பாட்டுக்கடை மொக்கம்மாளிடம் கொண்டுபோய் நீட்டினான்.

“ஆத்தா, இத எங்கனயாவது...”

“கொண்டா.” அவள் ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பில் மஞ்சள் தண்ணீர் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது.

வகுப்பில் கர்ணன் தட்டை மேசையில் வைத்தான். எட்டிப் பார்த்தால், எல்லார் தட்டிலும் ஒற்றை இரைப்பை, எல்லாவற்றிலும் வாழைநார்!

“சார், என் ஆட்டுக்கு...”

“உன் ஆட்டுக்கு என்னடா?”

“ஒண்ணுமில்ல சார்.”

வாத்தியார் குனிந்து பார்த்தார், முகர்ந்தார், தாடையைத் தடவினார். “காஸ்ட்ர் சரி. முடிவச் சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்றேன்.”

சாப்பாட்டுக்கு அப்புறம் ஏன் என்று கர்ணனுக்கு விளங்கவில்லை. மொக்கம்மாள் கடையில் அவன் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபோது, எதிர்வரிசையில் வாத்தியார் ஏற்கெனவே சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மொக்கம்மாள் குடல் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“வாத்தியாரய்யா, இந்த வருசம் பயலுக எல்லாம் ஆளுக்கு மூணு பை தப்பாமக் குடுத்துட்டானுக. போன வருசம் ஒருத்தன் ரெண்டுதேன் குடுத்தான்னு பெயிலாக்குனீகளே, இப்பத் திருப்திதேன?”

அன்றிரவு கர்ணன் பேனாவைத் திறந்து எழுதினான்: ‘நாளைய வேலை: ஆட்டு ஈரல் வாங்க வேண்டும். சீட்டு, ஹெபட்.’