கப்பித்தான் வீட்டுச் சுக்கான்

மட்டாஞ்சேரி,
17-9-1958

கண்ணியம் மிகுந்த பெரியத்தா அவர்களுக்கு,

தம்பி மகன் அப்துல் நாசர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே அல்லாஹ் கிருபையால் எல்லோருக்கும் உடம்பு நலம், மானத்துக்குத்தான் சுகமில்லை. பாலக்காட்டில் தாங்கள் நலமாகவே இருப்பீர்கள். தீ வைத்தவர் தூரத்தில்தானே இருப்பார்.

நம் மூதாதை பஸ்ராவுக்குக் கப்பல் ஓட்டிய கப்பித்தான், குடும்பப் பெயர் அப்படித்தான் வந்தது என்று சுள்ளிக்கல் மொய்து சாகிபுக்குத் தாங்கள் எழுதியிருந்தீர்களாம். அதை நம்பி, மகள் லதீஃபாவை எனக்குத் தர இசைந்து, ஞாயிற்றுக்கிழமை சொந்தங்களோடு வந்தார். சாயா குடித்ததும், "கப்பித்தான்னா எந்தக் கப்பல்?" என்றார். அதை மட்டும் கற்பனை செய்யத் தாங்கள் மறந்துவிட்டீர்கள். அத்தா, வெள்ளிதோறும் நாம் அத்தர் பூசும் அந்த மரச் சக்கரத்தைச் சுவரிலிருந்து இறக்கி, "அந்தக் கப்பலோட சுக்கான் சக்கரம்" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். மெக்கானிக்கல் டிப்ளமா படிக்க வைத்தது யார், தாங்கள்தானே? "சுக்கானுக்குக் கைப்பிடி எங்கே? விளிம்பைச் சுத்திக் கயிறு ஓடப் பள்ளம் எதுக்கு?" என்று கேட்டுவிட்டேன். பண்டகசாலையில் மிளகு மூட்டை தூக்கும் கப்பிக்கு இருக்கிற அதே பள்ளம். "அப்ப இது என்னாங்க?" என்று மொய்து சாகிபு கேட்க, பதறிய அத்தா வாய் தவறி, "கப்பிதான்" என்றார்.

பெயர் பிறந்த விதம் எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. என்றைக்கோ துறைமுகத்தில் ஒரு துரை, "உனக்கு என்ன வேலை?" என்று கேட்டிருப்பான், நம் மூதாதை கயிற்றை இழுத்துக்கொண்டே இதே பதிலைச் சொல்லியிருப்பார், அவன் ஒரு 'த்' சேர்த்து நம்மைக் கப்பலேற்றிவிட்டான். இப்போது மானமும் ஏறிவிட்டது. ஆதாரம் கேட்காதீர்கள், தங்கள் பஸ்ராவுக்கு இருக்கிற ஆதாரம்தான் இதற்கும்.

மொய்து சாகிபு எழுந்து போய்விட்டார். அத்தா என்னோடு பேசுவதில்லை. "பள்ளத்தைப் பாத்தவன் பொண்ணைப் பாத்தியாடா?" என்று அம்மாதான் பேசுகிறாள். லதீஃபாவை நான் வேண்டாம் என்றேனா? பொய்யைத்தானே வேண்டாம் என்றேன்! இனி அந்தப் பெயரில் கையெழுத்துப் போட மாட்டேன். சக்கரத்தைக் கிணற்றில் மாட்டிவிட்டேன். வாளி அருமையாக ஏறுகிறது.

பெரியம்மாவுக்கு சலாம். தங்களுக்கு நீண்ட ஆயுளும் குறைந்த கற்பனையும் கிடைக்க துஆ செய்யும்,
அப்துல் நாசர்

பின்குறிப்பு: தபாலில் போடப் போகும் வழியில் மொய்து சாகிபு மறித்தார். "சுள்ளிக்கல் மொத்தம் கப்பித்தான் வீட்டுச் சம்பந்தம்னு சொல்லியாச்சு மோனே. இனி கப்பின்னு எவன் சொன்னாலும் நிக்காஹ் இல்லே. நீ சொன்னாலும்தான்!" லதீஃபா தலையணை உறையில் அந்தப் பெயரை மலையாளத்தில் தைத்தே முடித்துவிட்டாளாம். ஆகவே மேலே உள்ளதைக் கிழித்துப் போட்டுவிட்டு, மறு தபாலில் கப்பலின் பெயரை அனுப்பவும். பாய்மரக் கப்பலாக இருக்கட்டும். அதில் கப்பிகள் ஏராளம், எவன் பள்ளத்தைப் பார்த்தாலும் சமாளித்துக்கொள்வேன்.

அப்துல் நாசர் கப்பித்தான்