எந்தக் காலில் நொண்டுவது என்று உடனே தெரிவிக்கவும்

தி. நகர், சென்னை
ஞாயிற்றுக்கிழமை காலை

பெரியண்ணன் கருணாகரன் அவர்களுக்குத் தங்கை தேவானை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும் மதினியும் பிள்ளைகளும் கோவில்பட்டிக் கடையும் ஒரு குறையுமில்லாமல் இருக்க முருகனை வேண்டுகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஊருக்குச் சொன்ன சீக்கு ஒன்று, உடம்பில் இருக்கிற சீக்கு ஒன்று என்று இரண்டை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவள் எந்தச் சுகத்தை எழுதுவது? போனில் சொல்லலாம்தான். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கல்லாப்பெட்டி மேல் வைத்துவிட்டுப் பருப்பு நிறுப்பீர்கள். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் "யாருக்கு என்னவாம்?" என்று விசாரிப்பார்கள். அதனால்தான் கடிதம். படித்ததும் கிழித்துப் போடுங்கள். ஞாபகமறதியாக இதில் பொட்டுக்கடலை மடித்து யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம்.

அண்ணே, உங்கள் மேல் எனக்குக் கோபம். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசிப் பக்கத்தில் இடம் இருக்காது. பங்குனியில் என் மார்பில் கட்டி என்று தெரிந்ததும் நான் முதலில் அழுதது உங்களிடம்தான். நீங்களும் அழுதீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கண்ணைத் துடைத்த கையோடு, "ஏம்மா, வாயைத் திறக்காதே. லாவண்யாவுக்குப் பூ வச்சாச்சு, நிச்சயம் வருது. அம்மாவுக்கு இருந்தா பிள்ளைக்கும் வரும்னு சொல்லி விலகிருவாவ. முட்டி வலின்னு சொல்லு. முட்டியை யாரும் தப்பா நினைக்க மாட்டாவ" என்றீர்கள். எனக்கும் அப்போது அது பெரிய யோசனையாகத்தான் தெரிந்தது. ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஊரில் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயிருப்பதாகச் சொன்னோம். இப்போது ரேடியேஷன் என்று கரண்ட் வைக்கப் போகிற நேரத்தை முட்டிக்குப் பிசியோதெரபி என்கிறோம். மொத்தம் இருபது நாள். நல்ல நாள் பார்த்து ஒரு வெள்ளிக்கிழமை ஆரம்பித்ததில் பதினொன்று முடிந்துவிட்டது. இன்னும் ஒன்பது.

முட்டி வலி என்று சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்தீர்கள் அல்லவா? சொன்னால் போதாது அண்ணே, நொண்ட வேண்டும். டாக்டரம்மா என்ன சொல்கிறார் தெரியுமா? "இந்த வைத்தியத்துல அலுப்பு வரும். அலுப்பா இருக்குன்னு படுத்தே கெடந்தா இன்னும் கூடும். தினமும் இருபது நிமிஷம் நடங்க. பகல்ல அரை மணிக்கு மேல தூங்காதீங்க. தண்ணி நல்லாக் குடிங்க, பயறு, முட்டை சாப்பிடுங்க." நல்ல வார்த்தைதான். ஆனால் முட்டி வலிக்காரி தினமும் விறுவிறுவென்று நடந்தால் தெருவில் சும்மா இருப்பார்களா? முதல் நாளே எதிர் ஃப்ளாட் எஸ்தர், "ஆன்ட்டி, முட்டி வலின்னீங்க, ஜம்முனு நடக்கிறீங்களே!" என்றாள். அன்றைக்கு ஆரம்பித்த நொண்டல்தான். ஒழுங்காக நடக்க ஒரு பங்கு தெம்பு வேண்டுமென்றால் நொண்டி நடக்க மூன்று பங்கு வேண்டும். இது எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது.

அதிலும் பாருங்கள், நான் தெருவில் ஆரம்பித்தது இடது கால். உங்கள் மச்சானோ தன் ஜாக்கெட் துணிக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் வலது முட்டி என்று அளந்துவிட்டிருக்கிறார். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா? கேட்டால், "பதட்டத்துல வாயில வந்தது, நீ மாத்திக்கோ" என்கிறார். கால் என்ன, ஜாக்கெட்டா, மாற்றித் தைத்துக்கொள்ள? ஆகவே கடை இருக்கிற பக்கம் போனால் வலது, வீட்டுத் தெருவில் இடது என்று வைத்துக்கொண்டேன். தினமும் என்னை அடையாறுக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற ஆட்டோக்காரர் மெஹபூப் பாஷா ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டார்: "இன்னாம்மா, நேத்து அந்தக் காலு, இன்னிக்கு இந்தக் காலா? எதுனா ஒண்ணுல நில்லும்மா. பாத்துக்கினு இருக்கிற எனக்கே கன்பீஸ் ஆவுது." அவருக்கு உண்மை தெரியும். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடுகிறவரிடம் எதை மறைக்க? ஊரில் என் சீக்கைச் சரியாகத் தெரிந்து வைத்திருக்கிற ஒரே மனிதர் ஆட்டோ ஓட்டுகிறார், கூடப் பிறந்தவர் முட்டி என்கிறார்.

எஸ்தர் நல்ல பிள்ளை. அதுதான் கஷ்டம். ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டிக்கு நல்லது என்று முடவாட்டுக்கால் கிழங்கு சூப் வைத்துக்கொண்டு வந்து, குடித்து முடிக்கும் வரைக்கும் பக்கத்திலேயே நிற்கிறாள். ஆபரேஷன் பண்ணின இடது பக்கத்துக் கை இறுகிப்போகாமல் இருக்க, சுவரில் விரலை வைத்து மேலே மேலே ஏற்ற வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதைச் செய்யும்போது பார்த்துவிட்டு, "முட்டிக்கு எதுக்கு ஆன்ட்டி கையைத் தூக்குறீங்க?" என்றாள். "கையைத் தூக்கினா முட்டிக்குப் பாரம் குறையுமாம்" என்றேன். வேறு என்ன சொல்ல? இப்போது அவள் மாமியாரும் காலையும் மாலையும் சுவரில் விரல் ஏற்றுகிறார். முட்டி ரொம்பத் தேவலை என்கிறாராம்.

அலுப்பு என்றால் சாதாரண அலுப்பு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். தீபாவளிச் சமயத்தில் காலை ஒன்பதிலிருந்து கடையில் நின்று, மேட்சிங் கேட்டு வருகிற அத்தனை பெண்களுக்கும் நூறு பச்சையில் ஒரு பச்சையை எடுத்துக் கொடுத்தவள் நான். அந்த அலுப்பு படுத்து எழுந்தால் போய்விடும். இது எழுந்திருக்கும்போதே கூட எழுந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை இட்லித் தட்டில் மாவு ஊற்றினேன், நாலாவது குழியில் கை நின்றுவிட்டது. ஐந்தாவது குழியைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், ஊற்ற முடியவில்லை. லாவண்யா வந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள். தலை பின்ன ஆரம்பித்தால் பாதியில் ஒரு தரம் உட்கார வேண்டியிருக்கிறது. மார்பில் மையால் கோடு போட்டிருக்கிறார்கள், அழியக் கூடாது. சோப்பு இல்லை, பவுடர் இல்லை. தோல் கறுத்து அரிக்கிறது, சொறியவும் கூடாது. இவ்வளவையும் தாங்கிக்கொள்ளலாம் அண்ணே. இதற்கு மேல் நொண்டவும் வேண்டும் என்றால் நான் என்ன சினிமாவிலா நடிக்கிறேன்?

இனி தங்கம் அம்மாளுக்கு வருகிறேன். மாப்பிள்ளைப் பையன் மகேஷின் அம்மா. உஸ்மான் ரோட்டில் பாத்திரக் கடை வைத்திருக்கிற குடும்பம், உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த அம்மாளை நான் என்னவோ என்று நினைத்தேன். எனக்குக் கரண்ட் வைக்க ஆரம்பித்த மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வாசலில் வந்து நிற்கிறாள். "சம்பந்தி, எனக்குச் சுகர் முந்நூறு. நடக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். தனியா நடந்தா மயக்கம் வந்துருமோன்னு பயம், துணைக்கு வாங்க" என்கிறாள். பெண்ணைக் கொடுக்கப் போகிற இடத்தில் மாட்டேன் என்று எப்படிச் சொல்ல? பாண்டி பஜார் நடைபாதைக்கு இழுத்துக்கொண்டு போகிறாள். நடந்தால் ஒழுங்காக நடக்கிறாளா? பெஞ்சைக் கண்டால் உட்கார்ந்துவிடுகிறாள். "கால் கடுக்குது, உக்காருவோம்." அடுத்த பெஞ்சிலும் அதே. பையிலிருந்து தண்ணீர் பாட்டில் வரும், பாசிப்பயறு சுண்டல் வரும். "எனக்குத் தனியாச் சாப்பிடப் பிடிக்காது" என்று பாதியை என் கையில் திணிப்பாள். கூட்டத்தில் எப்போதும் என் இடது பக்கம்தான் நடப்பாள், அதுவும் முழங்கையை அகட்டிக்கொண்டு. எதிரே வருகிறவர்கள் முறைத்துக்கொண்டு விலகிப் போகிறார்கள். எனக்கு மானம் போகிறது.

வீட்டுக்குத் திரும்பி வந்ததும் காபி. முந்நூறு சுகர்க்காரிக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரை! "டாக்டர் திட்ட மாட்டாரா?" என்று கேட்டால், "அவர் எங்க பாக்கப் போறாரு?" என்று சிரிக்கிறாள். வியாழக்கிழமை என்னால் சுத்தமாக முடியவில்லை. இன்றைக்கு வேண்டாம் சம்பந்தி என்று சோபாவில் சாய்ந்தேன், அப்படியே கண் சொருகிவிட்டது. அவள் கிளம்பிப் போயிருக்கலாம் இல்லையா? போகவில்லை. கொடியில் கிடந்த துணிகளை எல்லாம் எடுத்து மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து, "அரை மணி ஆச்சு, எந்திரிங்க. தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்துருவோம்" என்று உலுக்கி எழுப்புகிறாள்! தூங்கக்கூட விடாத சம்பந்தியை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இதில் எனக்குப் பெரிய வருத்தம் என்னவென்றால், பதினைந்து நாளாக அவள் கண் முன்னால் இவ்வளவு நொண்டுகிறேனே, ஒரு நாளாவது "முட்டி எப்படி இருக்கு?" என்று வாய் வார்த்தையாகக் கேட்டாளா? கேட்கவில்லை. அவ்வளவு கல்மனசு.

அவள் வீட்டுக்காரராவது கேட்டார். கேட்ட கேள்விதான் சரியில்லை. உங்கள் மச்சானுக்குப் போன் போட்டு, "முட்டி வலி பரம்பரையா வருமாமே, உங்க வீட்டுல வேற யாருக்கும் உண்டா?" என்றிருக்கிறார். இவருக்கு வாயில் எது எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? "அவ அண்ணனுக்கும் லேசா உண்டு" என்று சொல்லி வைத்துவிட்டார். ஆகவே நிச்சயத்துக்கு வரும்போது நீங்களும் லேசாக நொண்ட வேண்டியிருக்கும். எந்தக் கால் என்று எனக்கு எழுதி அனுப்புங்கள். நான் இங்கே அதற்கேற்ற மாதிரி என் காலை முடிவு செய்துகொள்கிறேன். ஒரே குடும்பத்தில் ஆளுக்கொரு பக்கம் நொண்டினால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.

அந்த நிச்சயமும் நடக்குமா என்றுதான் இப்போது கவலை. வைகாசிக் கடைசியில் வைத்திருந்த நாளைத் தங்கம் அம்மாள் திடீரென்று ஆவணிக்குத் தள்ளிவிட்டாள். ஜோசியர் சொன்னாராம். எந்த ஜோசியர், என்ன சொன்னார் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறாள். உண்மை தெரிந்துதான் நழுவுகிறார்களோ, இல்லை முட்டிக்கே பயந்துவிட்டார்களோ என்று நானும் இவரும் மாற்றி மாற்றி யோசிக்கிறோம். லாவண்யா முகத்தைப் பார்க்க முடியவில்லை. என்னால் என் பிள்ளையின் கல்யாணம் நின்றுபோனால் இந்த உடம்பு தேறி என்ன, தேறாவிட்டால் என்ன?

ஒன்று சொல்கிறேன் அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த மெஷின் அடியில் என்னைப் படுக்க வைத்து, அசையாதீங்கம்மா என்று சொல்லிவிட்டு எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். கொஞ்ச நேரம்தான், வலியும் இல்லை. ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. வெளியே வந்து, பயமாக இருந்தது என்று ஒரு பொம்பளையிடம் சொல்லி அழ வேண்டும் போல் இருக்கிறது. சொன்னால் முட்டிக்கு எதற்குப் பயம் என்று கேட்பார்கள். எனவே முடிவாக எழுதுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் நீங்களே தங்கம் அம்மாளிடம் பேசி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நானே பாண்டி பஜார் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். இருந்தால் இருக்கட்டும், போனால் போகட்டும். இனி ஒரு அடிகூட நொண்ட மாட்டேன். அந்த அம்மாளோடு நடக்கவும் மாட்டேன்.

மதினிக்கு என் வணக்கம். அவர்கள் அனுப்பின கருப்பட்டி வந்து சேர்ந்தது. பிள்ளைகளை நான் கேட்டதாகச் சொல்லுங்கள். நீங்கள் மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள். என் கோபத்தை இந்தக் கடிதத்தோடு விட்டுவிட்டு உங்கள் ஆசீர்வாதத்தை மட்டும் அனுப்பி வையுங்கள்.

இரண்டு முட்டியும் கல்லுப் போல் இருக்கிற உங்கள் தங்கை,
தேவானை

பின்குறிப்பு: உறையை ஒட்டச் சொல்லி லாவண்யாவிடம் கொடுத்தேன். ஒட்டாமல் முழுவதையும் படித்துவிட்டாள். முதலில் சிரித்தாள், அப்புறம் அழுதாள், அப்புறம் சொன்னாள். கட்டி என்று ரிசல்ட் வந்த அன்றைக்கே மகேஷிடம் சொல்லிவிட்டாளாம். அவன் அன்றைக்கே அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். தங்கம் அம்மாள், "அதுக்கும் கல்யாணத்துக்கும் என்னடா சம்பந்தம்? அவங்க எப்பச் சொல்லணும்னு நெனைக்கிறாங்களோ அப்பச் சொல்லட்டும். அது வரைக்கும் நாம கேக்கக் கூடாது, நடக்க மட்டும் வைப்போம்" என்றாளாம். அவள் வீட்டுக்காரருக்கு மட்டும் சொல்லவில்லை, கடை முழுக்கச் சொல்லிவிடுவார் என்று. நான் தெம்பாக மேடையில் நிற்க வேண்டும் என்றுதான் நாளைத் தள்ளியிருக்கிறாள். ஜோசியரே கிடையாது. அண்ணே, அவளுக்குச் சுகரும் கிடையாது.

ஆகவே மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். அவளுக்குப் போன் போட வேண்டாம், எனக்குத் தெரிந்துவிட்டது என்று மூச்சு விட வேண்டாம். இன்னும் ஒன்பது நாளும் நான் நொண்டுவதாகவே இருக்கிறேன். நான் நொண்டுவதை நிறுத்தினால் அவளுக்குச் சுகர் சரியாகிவிடும். அப்புறம் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு என்னை யார் வந்து எழுப்புவது?