எட்டாம் பலகையின் டிஜிட்டல் வரலாறு

கிட்ட வந்து இருங்கள், என் செல்வங்களே. கையில் இருக்கும் தொலைபேசிகளைக் கொஞ்சம் குப்புற வையுங்கள். பாவம், அவையும் களைத்திருக்கும். இன்றைக்கு உங்களுக்கு ஒரு மகத்தான சாதனையின் கதை சொல்லப் போகிறேன். இதில் ராசா இல்லை, சண்டை இல்லை, ஒரு பலகை மட்டும் இருக்கிறது. சரியாகச் சொன்னால் அந்தப் பலகையும் இல்லை. அதுதான் கதை.

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான். சக்கரத்தைக் கண்டுபிடித்தான். அதற்குப் பிறகு நெடுங்காலம் உருப்படியாக ஒன்றும் செய்யாமல் இருந்து, கடைசியில் திருகோணமலைத் துறைமுகத்தின் ஓரத்தில் கிடக்கும் எங்கள் சின்ன இறங்குதுறையில் மீண்டும் எழுந்து நின்றான். பலகை விழுந்தால் பலகை போடுகிற ஊர்கள் உலகத்தில் எத்தனையோ உண்டு. பலகை விழுந்த ஓட்டைக்குச் செயலி போட்ட ஊர் எங்களுடையது.

எங்கள் இறங்குதுறை மரத்தால் ஆனது. கரையிலிருந்து நுனிவரை முப்பது பலகை. படகுகள் கட்டுவது நுனியில். மாரி முடிந்த கையோடு ஒருநாள், கரையிலிருந்து எண்ணினால் எட்டாவதாக வரும் பலகை மழையில் ஊறி உக்கிக் கடலுக்குள் போய்விட்டது. மிச்சம் ஒன்றரை அடி இடைவெளியும், கீழே தண்ணீரும், அண்ணாந்து பார்க்கும் இரண்டு நண்டுகளும்.

கால் நன்றாக உள்ளவர்களுக்கு அது ஒரு எட்டு, அவ்வளவுதான். ஜெஸீமாவுக்கு அது ஆழ்கடல். ஜெஸீமா கிண்ணியாவில் பிறந்து எங்கள் கரையில் வந்து குடியிருப்பவள். விடியும் நேரத்தில் நாற்பது புட்டுப் பார்சல்களைக் கடகத்தில் அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு நுனிவரை போய், கடலுக்கு வெளிக்கிடும் படகுக்காரருக்குக் கொடுப்பாள். அவள் வீட்டு அடுப்பு எரிவது அந்த நாற்பது பார்சலில். கடகம் தலையில் இருந்தால் கால் வைக்கும் இடம் தெரியாது. வலது முழங்கால் வேறு அவள் சொல் கேட்பதில்லை. ஆகவே பலகை விழுந்த நாளிலிருந்து ஏழாவது பலகையில் நின்று கூப்பிட வேண்டியதாயிற்று. படகுக்காரர் அவசரக்காரர். பாதிப்பேர் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு கடலுக்குப் போனார்கள். நாற்பதில் பதினெட்டு பார்சல் திரும்பி வீட்டுக்கு வந்தது.

வள்ளம் திருத்தும் தச்சன் முனீப் அன்றைக்கே வந்து இடைவெளியை அளந்தான். ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டு அங்குலத் தடிப்பு. அளவைத் தன் பட்டறைச் சுவரில் பென்சிலால் எழுதி வைத்தான். ஏழு ஆணி, அரை மணித்தியாலம் என்றான்.

ஆனால் நாங்கள் நாகரிகமுள்ள மக்கள். எங்களுக்கு "இறங்குதுறைப் பாவனையாளர் நலன்புரிச் சங்கம்" உண்டு. தீர்மானம் இல்லாமல் அங்கே ஓர் ஆணியும் இறங்காது. தலைவர் தங்கத்துரை முன்மொழிவார். நிர்வாக சபை உறுப்பினரான நான் வழிமொழிவேன். இருபத்திரண்டு வருடமாக அதுதான் என் பொதுத் தொண்டு. அவர் வாய் மூடுமுன் என் வாய் திறந்துவிடும். தீர்மானம் நிறைவேறிய பிறகுதான் தேநீர் தருவார்கள், அது ஆறிப் போகக்கூடாதல்லவா?

கூட்டத்தில் முனீப் தன் ஏழு ஆணியைப் பற்றிச் சொன்னான். தலைவர் நெடுநேரம் யோசித்தார்.

"பலகை போடலாம் முனீப். ஆனா அதுக்கு எப்பிடித் திறப்பு விழா வைக்கிறது? ஏழு ஆணிக்கு ஆரைப் பிரதம விருந்தினராக் கூப்பிடுறது?"

சபை தலையாட்டியது. கேள்வி அவ்வளவு ஆழமானது.

அப்போதுதான் தலைவரின் தங்கை மகன் ரிஷிகேசன் எழுந்தான். கெட்டிக்காரப் பிள்ளை, இறங்குதுறையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, வீட்டு அறைக்குள் இருந்தபடியே ஏதோ ஒரு குளிர்தேசத்துக்கு மென்பொருள் எழுதுகிறவன். அன்று கூட்டத்துக்கே அவன் வந்தது அதிசயம்.

"மாமா, பலகை இல்லை எண்டது பிரச்சினை இல்லை. பலகை இல்லை எண்டு முறையிட ஒரு தளம் இல்லை. அதுதான் பிரச்சினை."

தலைவர் முன்மொழிந்தார். நான் வழிமொழிந்தேன். தேநீர் நல்ல சூடு.

இப்படியாகத் "துறைத்தோழன் 1.0" பிறந்தது. மங்கள விளக்கு ஏற்றினோம். மடிக்கணினிக்குக் குறுக்கே ரிப்பன் கட்டி வெட்டினோம். பிரதம விருந்தினர் பொத்தானை அழுத்தினார், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார்; மறுபடியும் ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் கைதட்டினோம். வாசலில் தலைவரின் பெயர் பொறித்த மட்டைப் பலகை ஒன்று தொங்கியது. ஒரு வாரத்தில் உப்புக் காற்று அதைத் தின்றுவிட்டது.

முதல் முறைப்பாட்டைப் பதியும் பெருமை ஜெஸீமாவுக்கு. கடவுச்சொல்லில் ஒரு "பெரிய எழுத்து" கட்டாயம் என்றது செயலி. தமிழில் எல்லா எழுத்தும் சமமாகப் பிறந்தவை. பெரியதுக்கு எங்கே போவது? ரிஷிகேசனோடு தொலைபேசியில் கதைத்து அந்தத் தடையைத் தாண்டினாள். அடுத்து, தான் இயந்திரம் அல்ல என்று நிரூபிக்க வேண்டும். ஒன்பது படங்களைக் காட்டி, படகு உள்ளவற்றைத் தெரிவு செய்யச் சொன்னது. ஜெஸீமா முனீப்பைக் கூப்பிட்டாள். இருவரும் குந்தியிருந்து ஆராய்ந்தார்கள். இது வள்ளம். இது தோணி. இது தெப்பம். இது இழுவைவலை ரோலர். இது நேவிக் கப்பல். படகென்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்றுதான். அதன் முன்பக்க அணியமும் கோணல் என்றான் முனீப். அந்த ஒன்றை மட்டும் தொட்டாள். அவள் இயந்திரம்தான் என்று செயலி முடிவு கட்டியது. பிறகு ரிஷிகேசன் வீட்டிலிருந்தே ஒன்பதையும் தொட்டான். அவனை உடனே மனிதனாக ஏற்றுக்கொண்டது.

"உங்கள் முறைப்பாடு எங்களுக்கு மிக முக்கியமானது. இலக்கம் 1" என்று பதில் வந்தது. முக்கியமானதைப் பத்திரமாக வைத்திருப்பதுதானே முறை? ஆறு வாரம் பத்திரமாக வைத்திருந்தார்கள். தலைவர் விசாரித்தபோது, தன் மடிக்கணினியில் முப்பது பலகையும் சரியாக இருக்கின்றன என்று ரிஷிகேசன் சொன்னான். படமும் அனுப்பினான். பார்த்தோம், முப்பதும் இருந்தன. அழகான படம்.

இருந்தாலும் காலத்தோடு ஓட வேண்டும். செய்தி எல்லாம் செயற்கை நுண்ணறிவு, செயற்கை நுண்ணறிவு என்று கிடக்கிறது. எங்கள் ஓட்டை மட்டும் அறிவில்லாமல் இருக்கலாமா? தலைவர் முன்மொழிந்தார், நான் வழிமொழிந்தேன், "துறைத்தோழன் 2.0" வாய் திறந்து பேசத் தொடங்கியது. இந்தத் தடவை பெயர்ப்பலகை பிளாஸ்டிக் துணியில், தலைவரின் படத்தோடு. கச்சான் காற்று அதைக் கழற்றிக் கடலுக்கு மேலே கொண்டுபோயிற்று. மூதூர்ப் பக்கம் ஒருவர் அதைக் கோழிக்கூட்டுக்குக் கூரையாகப் போட்டிருப்பதாகக் கேள்வி. மாலை போட்ட தலைவரின் படத்துக்குக் கீழே கோழிகள் நிம்மதியாக உறங்குகின்றனவாம்.

நான் பக்கத்தில் இருக்கத்தான் ஜெஸீமா அதனுடன் பேசினாள்.

"எட்டாவது பலகை இல்ல தம்பி. ஒரு பலகை போடச் சொல்லுங்க."

"உங்கள் வேதனையை நான் முழுமையாக உணர்கிறேன், ஜெஸீமா. எனது தரவுகளின்படி எட்டாவது பலகை அதன் இடத்தில் உள்ளது. தயவுசெய்து மீண்டும் ஒருமுறை மிதித்துப் பாருங்கள்."

"மிதிச்சாக் கடலுக்குள்ள விழுவன்."

"மிக அருமையான கருத்து. கடல் நீரில் இறங்குவதன் ஐந்து நன்மைகளைப் பட்டியலிடட்டுமா?"

ஜெஸீமா தொலைபேசியை மெதுவாக மடியில் வைத்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை.

"பாவம் அக்கா, மரியாதையான புள்ள. கால் இல்லாத புள்ளக்கிட்டப் பலகையக் கேட்டா அது என்ன செய்யும்?"

மறுநாள் அவளே மீன்பெட்டிப் பலகை ஒன்றை இடைவெளிக்குக் குறுக்கே போட்டுக்கொண்டு நுனிக்குப் போனாள். நாற்பதும் விற்றது. அன்று பின்னேரமே அவசரக் கூட்டம். "அனுமதியற்ற திருத்தம்" ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதாகவும், இப்படி ஆளாளுக்குப் பலகை போட்டால் தரவு கெட்டுவிடும் என்றும் ரிஷிகேசன் வீட்டிலிருந்தபடி காணொளியில் தோன்றி எச்சரித்தான். மீன்பெட்டிப் பலகையை அகற்றும் தீர்மானத்தைத் தலைவர் முன்மொழிந்தார். வழிமொழிந்தது யார் என்று கேட்காதீர்கள். அன்றைக்குத் தேநீரோடு வடையும் தந்தார்கள்.

பிறகு வந்தது பொற்காலம். ரிஷிகேசனுக்கு ஒரு யோசனை பிறந்தது: மக்கள் ஓட்டையைத் தாண்டுகிறார்கள், ஆனால் தாண்டுவதற்குப் புள்ளி கிடைப்பதில்லை, இது அநியாயம் அல்லவா? தலைவர் முன்மொழிய, நான் வழிமொழிய, "துறைத்தோழன் 3.0" ஒரு விளையாட்டாக மாறியது. தொலைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு எட்டாம் இடத்தைத் தாண்டினால் பத்துப் புள்ளி. திரும்பித் தாண்டினால் இருபது. வாரத்துக்கு ஒரு "பாய்ச்சல் மன்னன்". ஆட்டுக்குட்டி யோசிக்காமல் தாண்டும் இடைவெளிக்கு, குச்சவெளியிலிருந்து பஸ் ஏறி வந்து மூச்சைப் பிடித்துப் பாய்ந்தார்கள். ஒரு மாதத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு வீரர்கள். தலைவர் கதிரையை விட்டு எழும்பாமலே இரண்டாம் இடத்துக்கு வந்தார். அவருடைய தொலைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பாய்வதற்கென்று ஒரு படகுக்காரர் நியமிக்கப்பட்டிருந்தார். ஓட்டையைச் சுற்றி நீல விளக்குப் போட்டோம். இரண்டு நண்டுகளும் அந்த வெளிச்சத்தைத் தாங்காமல் வீடு மாறிவிட்டன.

"இனிப் பலகை போட ஏலாது மாமா," என்றான் ரிஷிகேசன். "அது பிழை இல்லை. இப்ப அதுதான் எங்கட பிரதான அம்சம்."

பாய்கிறவர்களின் வரிசை கரைவரை நீண்டது. ஜெஸீமாவுக்கு ஏழாவது பலகையில் நிற்கும் இடமும் போயிற்று; இரண்டாவது பலகையில் நின்று கூப்பிட்டாள். யாருக்கும் கேட்கவில்லை. நாற்பதில் முப்பத்தொன்று திரும்பி வந்த நாள் என் வீட்டுக்கு வந்தாள். இரண்டு பார்சல் கையில்.

"வெள்ளிக்கிழமையோட நிப்பாட்டுறன் அக்கா. மகள் வீட்டுக்குப் போய் ஒரு மூலையில இருக்கன். இத நீங்க சாப்பிடுங்க, வீணாப் போயிரும்."

சாப்பிட்டேன். நல்ல புட்டு. இரண்டாவது பார்சலைப் பிரிக்கத்தான் மனம் வரவில்லை.

அந்த வியாழக்கிழமை 3.0இன் பெருவிழா. காற்றுக்கும் உப்புக்கும் அசையாத பெயர்ப்பலகை வேண்டும் என்று தலைவர் முனீப்பிடம் சொல்லியிருந்தார். முதிரை மரம், நல்ல தடிப்பு, எழுத்து ஆழமாக வெட்ட வேண்டும். வாறவன் போறவன் ஒருவனும் அதைப் பார்க்காமல் போகக்கூடாது. அளவு? அது உனக்குத் தெரிந்ததுதானே என்று சொல்லிவிட்டுப் போனார். முனீப்புக்குத் தெரிந்த அளவு பட்டறைச் சுவரில் இருந்தது.

விழா நாள் விடியற்காலையிலேயே தலைவர் மாலையும் கழுத்துமாக வந்து வாசலைப் பார்த்தார். பெயர்ப்பலகை இல்லை.

"எங்கையடாப்பா என்ட பலகை?"

"நீங்க சொன்ன மாதிரியே அடிச்சிருக்கன் தலைவர்," என்றான் முனீப். "வாற போற எல்லாரும் குனிஞ்சு பாக்கிற இடத்தில."

போய்ப் பார்த்தோம். ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஏழு ஆணி. எட்டாம் இடத்தில், நீல விளக்குகளுக்கு நடுவே, மாண்புமிகு தலைவர் தங்கத்துரை அவர்கள் தம் முழுப் பெயரோடும் பட்டங்களோடும் வானத்தைப் பார்த்துக் கிடந்தார். அதேநேரம் பின்னால் ஜெஸீமா வந்தாள், தலையில் கடகத்தோடு. ஏழாவது பலகையில் நின்று செருப்பைக் கழற்றினாள். பெயர் எழுதியிருக்கிறதே, மரியாதை. வெறுங்காலால் எட்டாவதை மிதித்து, ஒன்பதாவதில் நின்று, முனீப் நீட்டிய செருப்பைப் போட்டுக்கொண்டு, நாற்பது பார்சலோடு நுனிக்குப் போனாள். முழங்கால்கூடச் சொல் கேட்டது.

ஒரு மணித்தியாலத்துக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு முறைப்பாடுகள் வந்து குவிந்தன: "ஓட்டையைக் காணவில்லை." நான்கு மாதமாக வராத ரிஷிகேசன், அன்றைக்கு இரண்டு தெருவையும் நடந்து கடந்து, மூச்சிரைக்க இறங்குதுறைக்கு வந்தான். அவசரக் கூட்டம் கூடியது. தலைவர் எழுந்து, மேற்படி பெயர்ப்பலகையைக் கழற்றி வாசலில் பொருத்தவும், எட்டாம் இடத்தின் "பழைய வெறுமையை மீளமைக்கவும்" முன்மொழிந்தார்.

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

தேநீர் வந்துவிட்டது, அன்று நடைமுறை பிசகி முன்கூட்டியே வந்துவிட்டது. கோப்பையிலிருந்து ஆவி எழும்பியது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, வழிமொழியுங்கோ," என்றார் தலைவர்.

"தேத்தண்ணி சூடாக் கிடக்குத் தம்பி. ஆறட்டும்."

ஆறியது. ஆடை படிந்தது. இலையான் ஒன்று பறந்து வந்து விளிம்பில் குந்திவிட்டுப் போனது. வேறொருவரும் வாய் திறக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக அது என் வேலை, மற்றவர்களுக்குப் பழக்கம் இல்லை. வழிமொழிவார் இல்லாமல் தீர்மானம் விழுந்தது. பலகை விழவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜெஸீமாவின் அடுப்பு எரிந்தது.

ஆகவே என் செல்வங்களே, ரிஷிகேசனைக் குறை சொல்லாதீர்கள். அவனுடைய செயலி இன்றும் ஒரு நிமிடமும் நிற்காமல் ஓடுகிறது. முறைப்பாடு இலக்கம் 1 "துறைத்தோழனால் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது" என்று பச்சை நிறத்தில் காட்டுகிறது. தலைவரையும் குறை சொல்லாதீர்கள்; எங்கள் பாரத்தை எல்லாம் தன் பெயரில் தாங்கிக்கொண்டு கிடக்கிறார். ஆனால் ஏழு ஆணியில் மூடியிருக்கக்கூடிய ஓர் ஓட்டையை நான்கு மாதம் கட்டிக் காத்தது யார்? அதைத் துறைத்தோழனிடம் கேட்டேன். தரவு இல்லை என்றது. என்னிடம் இருக்கிறது: நான்கு கூட்டம், நான்கு கோப்பைத் தேநீர், நான்கு தடவை "வழிமொழிகிறேன்".

உங்கள் வீட்டு வாசற்படி உறுதியாக இருக்கட்டும். உங்கள் குசினி அடுப்பு ஒரு வெள்ளிக்கிழமையிலும் அணையாதிருக்கட்டும். ஏதாவது உக்கி விழுந்தால், சங்கம் கூடுமுன் சுத்தியலோடு ஒரு முனீப் வந்து சேரட்டும். சங்கம் முந்திவிட்டால், உங்கள் வீட்டிலிருந்து போகிற ஒருவருக்காவது ஆறின தேநீர் குடிக்கும் துணிவு வாய்க்கட்டும்.