சுவரில் தொங்கும் தங்கசாமி உயிரோடு எழுதுவது

குரும்பலூர்,
கார்த்திகை, 2003

அன்புள்ள மைத்துனன் பிரேம்குமாருக்கு,

உன் அக்கா புருஷன் தங்கசாமி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், உன் அக்கா கொளஞ்சியம்மாள், மகள் பரிமளா எல்லோரும் சுகம். நான் சுகம் என்பதற்குக் கீழே பேனாவால் அழுத்திக் கோடு போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள். நான் உயிரோடு இருப்பதை இப்போதைக்கு இந்த ஜில்லாவில் முழுசாக நம்புகிறவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். உன் சுகத்துக்கு எழுது. எழுத மாட்டாய், தெரியும். போன் பண்ணினால் உன் லாட்ஜ் மேனேஜர் "சார் ஷூட்டிங்ல இருக்கார்" என்று ஒரே பாட்டைப் பாடுகிறார். ஆகவே கடுதாசி.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் பெரம்பலூர் மண்டியில் சின்ன வெங்காய மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தேன். நம்ம பக்கத்துக் காட்டு வீரமுத்து, வரப்புத் தகராறில் பல வருஷமாய் என் மூஞ்சியில் முழிக்காதவன், நேரே வந்து கையெடுத்துக் கும்பிட்டான். என்னடா என்றேன். "அண்ணே, நேத்து டவுன்ல படம் பாத்தேன். நீங்க செத்துட்டீங்கண்ணே" என்றான். எந்தக் கழுதை சொன்னான் என்று கேட்டேன். "யாரும் சொல்லலண்ணே, மாலையோட தொங்குறீங்க. குடிச்சே போயிட்டீங்களாம். மனசு கேக்கல. அந்த வரப்பை நீங்களே வச்சுக்கங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். குடியாம், நானாம்! சோடா குடித்தாலே தலை சுற்றுகிறவன் நான், ஒயின்ஷாப் இருக்கிற தெருவில் போகாமல் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறவன். (வரப்பை மறுநாளே திரும்ப வாங்கிக்கொண்டான், அது வேற கதை.)

அன்றைக்கே உன் அக்காவையும் பரிமளாவையும் கூட்டிக்கொண்டு படத்துக்குப் போனேன். நீ சினிமாவில் செட்டுப் போடுகிற வேலைக்குப் போய் முதன்முதலாக உன் பேர் வருகிற படம் என்று உன் அக்கா புதுப் புடவை வேறு கட்டிக்கொண்டாள். கதையாடா அது? ஒருத்தன் ஊரை விட்டு மெட்ராசுக்குப் போகிறான், குடிக்கிறான், வேலை போகிறது, குடிக்கிறான், பெண்டாட்டி போகிறாள், குடிக்கிறான், பெத்த பிள்ளையும் காய்ச்சலில் போகிறது, அப்பவும் குடிக்கிறான். அது அவன் தலையெழுத்து, எனக்கென்ன வந்தது? ஆனால் அவன் பாட்டில் மூடியைத் திருகுகிறபோதெல்லாம் பின்னால் சுவரில் தொங்குகிறது யார்? நான்! தோளில் துண்டோடு, பால் சொசைட்டி எலெக்‌ஷனுக்கு நோட்டீஸ் அடிக்க எடுத்தேனே, அதே போட்டோ. "உங்க ஞாபகமா ரூம்ல மாட்டிக்கிறேன் மாமா" என்று வாங்கிப் போனாயே, நல்லா மாட்டினாய். நெற்றியில் சந்தனம், கழுத்தில் பிளாஸ்டிக் மாலை, கீழே மினுக் மினுக்கென்று சிவப்பு பல்பு. ஹீரோ என்னைப் பார்த்து, "எங்கப்பனும் குடிச்சே செத்தான், நானும் அவன் வழியிலதான் போறேன்" என்று மூக்கைச் சிந்துகிறான். நான் எப்பய்யா அவனைப் பெத்தேன்?

சரி, முகச்சாயல் என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று பார்த்தால், அடுத்து அவன் குடிக்கிற டம்ளரைத் திரை முழுக்கக் காட்டுகிறார்கள். நம்ம வீட்டு எவர்சில்வர் டம்ளர். "தங்கசாமி - கொளஞ்சியம்மாள், குரும்பலூர், புதுமனை புகுவிழா" என்று பேர் வெட்டியது அத்தனையும் தெளிவாய்த் தெரிகிறது. முன் பெஞ்சில் ஒருத்தன் எழுத்துக்கூட்டி வாய்விட்டே படித்தான். இடைவேளையில் லைட்டைப் போட்டார்களோ இல்லையோ, முன்னே பின்னே தெரியாத ஒரு அம்மாள் உன் அக்காளைப் பேர் சொல்லிக் கேட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படிம்மா தாங்கிக்கிட்ட?" என்று அழுகிறாள். பக்கத்தில் முறுக்குப் பொட்டலத்தோடு நான் நிற்கிறேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவரு அவரோட தம்பியா?" என்றாள். உன் அக்கா படம் ஓடாத வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்வேன். பரிமளாவுக்குத் திருமானூர் அரங்கநாதன் மகனைப் பேசி, தை மாசம் கல்யாணம் என்று முடிவானது உனக்குத் தெரியும். பையன் தங்கமான பையன், பரிமளாவுக்கும் பிடித்திருக்கிறது. கரும்புக் காடு, சொந்த போர்வெல், ஒரு குறை இல்லை. அரங்கநாதன் பெண் பார்க்க வந்த அன்றைக்கே, "எங்களுக்கு நகை நட்டு முக்கியமில்லீங்க, குடி இல்லாத குடும்பமா இருக்கணும்" என்று அழுத்திச் சொன்ன மனுஷன். அவர்கள் அரியலூரில் படத்தைப் பார்த்துவிட்டார்கள்! ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். அரங்கநாதன் காபியைத் தொடவில்லை. "நீங்க உசுரோட இருக்கறது சந்தோசம்தாங்க. ஆனா குடிக்காத மனுசன் போட்டோவைக் குடிச்சுச் செத்தவன்னு எதுக்குங்க மாட்டுறாங்க?" என்றார். அது நடிப்புங்க, மாட்டினது சினிமாவில் செட்டுப் போடுற என் மச்சினன்தாங்க என்றேன். "நீங்க நடிச்சீங்களா?" என்றார். நான் நடிக்கலைங்க, என் போட்டோதான் நடிச்சுதுங்க என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பொண்ணோட தாய்மாமன் நேர்ல வரட்டும். ஆளு எப்படி, என்னன்னு பாத்துட்டு மேற்கொண்டு பேசிக்கலாம்" என்று வேன் ஏறிவிட்டார். பரிமளா அன்று கதவைச் சாத்திக்கொண்டு அழுதாளே, அது எனக்குத்தான் கேட்டது, உனக்குக் கேட்காது.

இதில் உன் அக்கா வேறு. என் போட்டோவுக்கு மாலை விழுந்ததைப் பற்றி அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. "அது செட்டு இல்லீங்க, எந்தம்பி ரூம்புங்க" என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். பழைய புடவையை மடித்து அவள் உனக்குத் தைத்துக் கொடுத்த போர்வை, ஊறுகாய் அனுப்பின தூக்கு, அரியலூர் அரிசிக்கடைக் காலண்டர் எல்லாம் அந்தக் குடிகாரன் ரூமில் கிடக்கிறதாம். செலவை மிச்சம் பிடிக்க நீ உன் ரூமையே தூக்கி வைத்திருப்பாய் என்று நான் சொன்னேன். அதற்கு அவள், "அப்ப கட்டிலுக்கடியில கெடந்த பாட்டிலெல்லாம்?" என்று கேட்டுவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இரண்டு பொங்கலுக்கு நீ ஊர்ப்பக்கமே வரவில்லை. நேற்றும் தட்டில் போட்ட சோற்றை அப்படியே மாட்டுத் தொட்டியில் கொட்டினாள். எனக்குக் கோபம் கோபமாய் வருகிறது, அவள் மேல் காட்ட முடியவில்லை, அதனால் உன் மேல் காட்டுகிறேன்.

ஆகவே இதைத் தாக்கீதாக வைத்துக்கொள். உங்கள் டைரக்டரிடம் சொல்லி, நான் தொங்குகிற இடத்தையெல்லாம் படத்திலிருந்து வெட்டி எறியச் சொல். டம்ளரைப் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்து சேர். நீ குடிக்காதவன் என்றால் அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பித் திருமானூரில் வந்து நில். குடிக்கிறவன் என்றால் என் வாசலை மிதிக்காதே.

மற்றபடி நேரத்துக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே, மதுரகாளியம்மன் உன்னைக் காப்பாற்றட்டும். பரிமளா உன்னை விசாரித்தாள், கோபமாகத்தான்.

இப்படிக்கு,
உன் மாமா,
(இன்னும் சாகாத) தங்கசாமி

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில், அரங்கநாதன் சம்சாரம் ஜெகதாம்பாள் தனியாகப் பஸ்ஸில் வந்து இறங்கினார். பரிமளா தலையைத் தடவிக்கொண்டே, "அண்ணே, மனசுல வச்சுக்காதீங்க. குடிக்கிறது எங்க வூட்டுக்காரருதான். அது வெளிய தெரிஞ்சிடக் கூடாதுன்னுதான் முந்திக்கிட்டு உங்களக் குடைஞ்சாரு. படம் பாத்ததுலேருந்து தொடலைங்க. கை அங்க போறப்பல்லாம் உங்க மூஞ்சி முன்னால வந்து நிக்குதாம். அந்தப் போட்டோவுல ஒண்ணு குடுங்க, எங்க வூட்டுல மாட்டணும். கல்யாணத்த நாங்க நிறுத்தலைங்க" என்றார். என் மூஞ்சியைப் பார்த்தால் குடிக்கத் தோன்றவில்லையாம், இது பாராட்டா வசவா என்று உன் அக்காளைக் கேட்டேன். பல நாளைக்குப் பிறகு சிரித்தாள், இரண்டு தோசையும் சாப்பிட்டாள்.

ஆகவே படத்தில் ஒன்றையும் வெட்ட வேண்டாம், தொங்கிவிட்டுப் போகிறேன். வாசலை மிதிக்காதே என்று எழுதியதையும் அடித்துவிடு. கட்டிலுக்கடியில் பாட்டில் இருந்தாலும் வா, இல்லாவிட்டாலும் வா, வந்தபின் பார்த்துக்கொள்ளலாம். ஸ்டூடியோவில் சம்பந்திக்கு ஒரு காப்பி போடச் சொல்லியிருக்கிறேன். உனக்குப் போடவில்லை, உன்னிடம்தான் ஏற்கெனவே இருக்கிறதே. அந்த மாலையைக் கழற்றிப் போட்டுவிட்டு உன் ரூம் சுவரில் மறுபடி மாட்டு. கை நீளும்போதெல்லாம் நிமிர்ந்து பார். நான் உயிரோடுதான் இருக்கிறேன், பஸ் ஏறி வந்து உதைப்பேன். தை மாசம் மணவறையில் பரிமளா கழுத்துக்குத் தாய்மாமன் மாலை நீதான் போட வேண்டும். நல்ல ரோஜா மாலையாக வாங்கிக்கொண்டு வந்து சேர். பிளாஸ்டிக் வேண்டாம்.