டம்ளர் சின்னத்துக்கு விழுந்த ஓட்டுகள்

பகல் பன்னிரண்டு மணி இருபது நிமிடத்துக்குக் காரியம் கெட ஆரம்பித்தது. நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கிறது என்றால், அப்போது நான் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு வேலை இல்லை. சுதந்திரத்துக்குப் பின் வந்த இரண்டாவது பொதுத்தேர்தல். திருமயத்திலிருந்து எட்டு மைல் உள்ளே தள்ளி, பெயர் வேண்டாம், ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நான் பிரிசைடிங் ஆபீசர். காலை எட்டு மணியிலிருந்து அதுவரை ஓட்டுப் போட்டவர்கள் பதினொரு பேர். அதில் இருவர் வேட்பாளர்களின் ஏஜெண்டுகள். ஒருவர் தலையாரி.

அந்த நேரத்தில்தான் எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த சர்வர் 'இருக்குங்க' காப்பித் தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"சார், ஊருக்குள்ள போயி ஒரு எட்டு என்னன்னு பாத்துட்டு வாரேன்."

நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலில் என் மூத்த மகளின் வேலை போகப் பார்த்தது. எட்டு ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. இன்றும் தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் எழுந்து நின்றுவிடுகிறேன்.

சென்னை ராஜ்யத்திலேயே ஜனநாயகத்தை முழுசாகப் புரிந்துகொண்ட ஒரே மனிதர், திருமயம் பஸ் நிற்கும் இடத்துக் காப்பி கிளப்பில் சர்வராக இருந்தார் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சிரித்தவன்தான்.

அவருடைய சொந்தப் பெயர் கிளப் முதலாளிக்கே தெரியாது. நீங்கள் எதைக் கேட்டாலும் "இருக்குங்க" என்பார். அதனால் அதுவே பெயராயிற்று. சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் எங்கிருந்தோ வந்து சேர்ந்தார். நாற்பது வயது மதிக்கலாம். தோளில் ஒரு துண்டு. அதன் நிறத்தைப் பற்றி இரண்டு அபிப்பிராயம் உண்டு.

போண்டா தீர்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். "போண்டா இருக்கா?" என்றால் "இருக்குங்க" என்பார். பின்வாசல் வழியாக எதிர்க்கடைக்குப் போய் வாங்கிவந்து நம் இலையில் வைப்பார். எதிர்க்கடைக்காரனுக்குக் கிளப் முதலாளியைவிட இவர்மீது பிரியம் அதிகம்.

ஒருமுறை வடக்கேயிருந்து கோட்டையைப் பார்க்க வந்த அதிகாரி ஒருவர் சப்பாத்தி கேட்டார். அந்தக் கிளப்பில் அதற்குமுன் யாரும் அந்தச் சொல்லை உச்சரித்ததில்லை. "இருக்குங்க" என்று உள்ளே போனவர் முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். கோதுமை மாவு எங்கே கிடைத்தது என்று யாருக்கும் தெரியாது. சோடா பாட்டிலால் உருட்டியதில் அது இலங்கைத் தீவின் வடிவத்தில் இருந்தது. அதிகாரி தின்றுவிட்டு இன்னொன்று கேட்டார்.

அவருடைய அரசியலும் இதுவேதான். ஒருநாள் வக்கீல் குமாஸ்தா ஒருவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, போன தேர்தலில் ஏராளமான பேர் ஓட்டே போடவில்லை, ஜனங்களுக்குப் பொறுப்பு என்பதே கிடையாது என்று அலுத்துக்கொண்டார். மேஜை துடைத்துக்கொண்டிருந்த இருக்குங்க நிமிர்ந்தார்.

"பொறுப்பு இல்லாமயா நாலு மைலு நடந்து சந்தைக்கு வந்து, கத்திரிக்காயை ஒண்ணொண்ணாத் தடவிப் பாத்து வாங்குறாங்க? சந்தையில இருவது கூறு கெடக்கு. ஒங்க தேர்தல்ல ரெண்டே கூறு."

"கட்சி கூடுனா கொழப்பந்தான்யா கூடும்," என்றார் குமாஸ்தா. "அம்பது கட்சி இருந்தா நாடு என்னத்துக்கு ஆகும்?"

"நம்ம கிளப்புல இருவத்திரெண்டு அயிட்டம் இருக்கு. என்னைக்காவது கொழப்பம் வந்துச்சா? வாரவரு வேணுங்கறதக் கேக்குறாரு, திங்கிறாரு, போறாரு."

"யாருமே கேக்காத அயிட்டம்?"

"அது சாயங்காலம் தானா ஊசிப்போகும். அதுக்கு ஒரு சட்டம் போடணுமாக்கும்."

"அப்ப மகாராஜா காலத்துல?"

"அப்ப ஒரே அயிட்டம். அதையும் எலையில வச்சதுக்கு அப்பறந்தான் பேரு சொன்னாங்க."

கிளப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "ஓட்டுப் போடாத ஆளு சோம்பேறி இல்ல சார். கடை வாசல்ல நின்னு போர்டைப் படிச்சுட்டுப் பேசாமத் திரும்பிப் போற ஆளு. அவருக்குப் பசி இருக்கு," என்றார். நான் கணக்கு வாத்தியார். எனக்கு இதில் கருத்து எதுவும் இல்லை என்று சொல்லி காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

தேர்தல் வந்தது. என் மூத்த மகள் சாரதா அப்போது பயிற்சி முடித்து எலிமெண்டரி பள்ளியில் சேர்ந்து ஏழு மாதம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு சிறு புகார் போதும், வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அவளுக்குப் பொன்னமராவதிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் தேர்தல் வேலை என்று உத்தரவு வந்தது. வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்பமாட்டேன் என்று நான் நாலு நாள் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றேன். தாங்க முடியாமல் அவளை என் சாவடியிலேயே போட்டார்கள். பெண்கள் பக்கத்து மறைப்பு அவள் பொறுப்பு. உத்தரவு கைக்கு வந்த அன்று நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

முதல் நாள் அவளுக்குப் புத்தி சொன்னேன். "யார் எது சொன்னாலும் செய். எதிர்க்கேள்வி கேட்காதே. பெயர் கெடாமல் வீட்டுக்கு வரவேண்டும்." சாவடியில் வேலை பார்க்கும் எங்கள் ஆறு பேருக்கும் சாப்பாட்டுக்குக் காப்பி கிளப்பில் ஏற்பாடு. முதலாளி, பாத்திரங்களோடு இருக்குங்கவையே அனுப்பிவைத்தார்.

அந்தக் காலத்துத் தேர்தல் முறையை இளையவர்களுக்குச் சொல்லவேண்டும். சீட்டில் முத்திரை குத்துவது கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு இரும்புப் பெட்டி. பெட்டிமேல் அவர் சின்னம். மறைப்புக்குப் பின்னால் போய், பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டும். எங்கள் தொகுதியில் இரண்டு பேர் நின்றார்கள்: தராசு, சைக்கிள். இருவரும் ஒரே பெரிய வீட்டில் பெண் எடுத்த சகலைகள். யார் ஜெயித்தாலும் மாமனார் ஒருவரே. ஏஜெண்டுகளும் உறவுக்காரர்கள். காலையில் ஒரே தூக்கில் சாப்பிட்டுவிட்டு ஒரே தூணில் சாய்ந்து தூங்கினார்கள்.

ஓட்டு குறைந்தால் காரணம் கேட்டு எழுதுவோம் என்று டெபுடி தாசில்தார் வேறு சொல்லியிருந்தார். அதனால்தான் ஒன்றரை மணிக்கு மூன்று பெண்கள் வாசலில் தெரிந்ததும் எனக்கு உயிர் வந்தது. பின்னால் ஐந்து பேர். அப்புறம் ஊருணியிலிருந்து ஈரப்புடவையோடு ஒரு கும்பல். புல்லுக்கட்டை வாசலில் இறக்கிவைத்துவிட்டுச் சிலர். மூன்று மணிக்கு வரிசை வேப்பமரம் வரை நின்றது. ஆண்கள் ஒருவரையும் காணோம். நான் ஏன் என்று கேட்கவில்லை. அதிர்ஷ்டம் வரும்போது விசாரிப்பது என் சுபாவம் இல்லை.

மறைப்புக்குள் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கவேண்டும் என்பது விதி. பெண்கள் பக்கம் நான் போகவில்லை, சாரதாவைக் கேட்டேன்.

"உள்ளே எல்லாம் ஒழுங்கா இருக்காம்மா?"

"இருக்குப்பா. மூணும் வச்ச எடத்துலயே இருக்கு."

'மூணும்' என்றாள். என் காதில் விழுந்தது. கணக்கு வாத்தியாரின் மூளையில் விழவில்லை.

ஐந்து மணிக்குக் கதவைச் சாத்தும்போது, கடைசியாக ஓட்டுப் போட்ட ஒரு வயசான பெண் போகாமல் நின்றாள்.

"என்ன ஆத்தா?"

"எங்க கட்சி செயிச்சிருச்சான்னு கேட்டுட்டுப் போலாம்னு நிக்கேன் வாத்தியாரய்யா."

"எது ஒங்க கட்சி?"

"டம்ளரு."

நான் மறைப்புக்குள் ஓடினேன். தராசுப் பெட்டி. சைக்கிள் பெட்டி. பக்கத்தில், காலையில் சாப்பாட்டோடு வந்த எங்கள் முறுக்கு டின். மூடியில் கத்தியால் கீறிய வாய். மேலே என் மேஜையிலிருந்து போன அரக்கு. முகப்பில் ஒரு காகிதம், அதில் காப்பி டிகாக்ஷனால் வரைந்த டம்ளர். படம் நன்றாகவே இருந்தது, ஆவிகூட வந்தது.

"சர்வர்தான் ஊருக்குள்ள போயிட்டு வந்ததும் கொண்டாந்து குடுத்தாரு," என்றாள் சாரதா. "மத்தப் பெட்டிகளோட வைங்க டீச்சரம்மான்னாரு. நீங்கதானேப்பா எதுவும் கேக்காதேன்னீங்க."

இருக்குங்க வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். சாரதாவின் முகத்தைப் பார்த்தார். அடுத்த தடவை நான் திரும்பியபோது ஆளைக் காணோம். சைக்கிள் வேட்பாளருடைய ஏஜெண்டின் சைக்கிளையும் காணோம்.

நடந்ததை அந்த ஆத்தாளே சொன்னாள். ஊருணிக்கரையில் வந்து, ஏன் ஓட்டுப் போட வரவில்லை என்று கேட்டாராம். ரெண்டு பேருமே இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை, வேறு என்ன இருக்கிறது என்று பெண்கள் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். அவர் வாயிலிருந்து என்ன பதில் வந்திருக்கும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. "ஆளு யாருன்னோம். ஆளு பின்னால வருவாரு, மொதல்ல கட்சி வரட்டும்னாரு. கட்சி என்ன செய்யும்னோம். நீங்க எதுக்குப் போடுறீகளோ அதுன்னாரு. நான் ஊருணியத் தூர் வாரத்தான் போட்டேன். என் மருமக பேறுகாலத்துக்கு நர்சம்மா வரணும்னு போட்டா. எங்க நாத்தனா, தன் புருசன் வீட்டுக்கு நேரத்தோட வரணும்னு போட்டா."

டின்னைத் திறந்து எண்ணினோம். எண்பத்தாறு சீட்டு, ஒரு மஞ்சள் கிழங்கு, இரண்டு முறுக்குத் துண்டு. எண்பத்தாறு பெண்கள், எண்பத்தாறு கட்சிகள்.

அன்று முதல் முறையாக ஏஜெண்டுகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தராசுக்காரர் குரலைத் தாழ்த்தி, "இதுல என்ன சார் இருக்கு? ஆளுக்குப் பாதியாப் போட்ருவோம். எங்கிட்டு நாப்பத்திமூணு, அங்கிட்டு நாப்பத்திமூணு. டின்னைக் கெணத்துல போடுங்க. பொண்ணு வேலை தப்பிச்சுரும்," என்றார். மற்றவர், "எங்க மச்சான் சொல்றது நியாயந்தான்," என்றார்.

நான் நல்லவன் என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால், அந்தச் சீட்டுகளை இரண்டு கட்டாகப் பிரித்துக் கையில் எடுத்துவிட்டேன்.

"அவங்க அதுல போடலப்பா," என்றாள் சாரதா. அவ்வளவுதான் சொன்னாள்.

கட்டுகளைக் கீழே வைத்தேன். மேஜையில் உட்கார்ந்து அறிக்கை எழுதத் தொடங்கினேன். பெண்கள் மறைப்புக்குப் பொறுப்பானவர் பெயர் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரி வரை எழுதுவேன், கிழிப்பேன். மூன்று தடவை. டின்னைக் கொடுத்தவர் ஓடிவிட்டார். வாங்கி வைத்தவள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். "என் பேரையே எழுதுங்கப்பா, நான்தானே வச்சேன்," என்றாள். எனக்குத் தெரிந்த வசவுகளை எல்லாம் அந்த சர்வருக்காக மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெட்டிக்கு வெளியே கிடந்த சீட்டுகளைப் போட ஒரு உறை உண்டு. எண்பத்தாறும் அதற்குள் போயின, எண்ணிக்கையில் சேரவில்லை. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சாரதாவின் காகிதங்களில் ஒரு கறுப்புப் புள்ளிகூட விழவில்லை. அவள் தண்ணீர் குடிக்கப் போன சமயம் தான் திருட்டுத்தனமாக உள்ளே நுழைந்து டின்னை வைத்ததாக இருக்குங்க கைநாட்டு வைத்துக் கொடுத்திருந்தார். அது பொய். அதற்காகச் சில நாள் உள்ளே இருந்தார். வெளியே வந்தபோது கிளப்பில் அவர் இடத்தில் வேறு ஆள். குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்தில் பரிமாறக் கண்டதாக யாரோ சொன்னார்கள். நான் போய்ப் பார்ப்பதற்குள் அங்கிருந்தும் போய்விட்டார். அடுத்த தேர்தலில் அந்த ஊரில் ஐந்து பேர் நின்றார்களாம். ஆண்களும் பெண்களுமாக வரிசை மெயின் ரோடு வரை நின்றதாம். நான் பார்க்கவில்லை. டாக்டர் சர்டிபிகேட் வாங்கி வீட்டில் படுத்திருந்தேன்.

அன்று நாலாவது தடவையாக அந்த வரிக்கு வந்து பேனா நின்றபோது ஆறரை மணி இருக்கும். ஜீப் வந்து நின்றது. டெபுடி தாசில்தார் என்று எழுந்து நின்றேன். முதலில் இறங்கியது இருக்குங்க. முழங்கால் வரை செம்மண். எட்டு மைல் மிதித்துப் போய், யாரும் கேட்பதற்கு முன்னால் தாலுகா ஆபீசில் எல்லாவற்றையும் தன் தலைமேல் போட்டுக்கொண்டு, அதே ஜீப்பில் திரும்பி வந்திருக்கிறார். பின்னால் அதிகாரி, அவருக்குப் பின்னால் ஒரு போலீஸ்காரர். நான் சேர்த்து வைத்திருந்த வசவில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. அவர் பெஞ்சிலிருந்த சாரதாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்தார். அதிகாரிக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"பிள்ளைக்குன்னு காலையில தனியா வச்ச இட்லியத் தொடவே இல்ல சார். இவுகளை நான் பாத்துக்கறேன். நீங்க மொதல்ல அதுக்கு எதாச்சும் சாப்பிடக் குடுங்க."